கேட்டால்தான் தீர்ப்பு: கிரிக்கெட் நடுவர் எதிர்கொள்ளும் அரிய சிக்கல்கள்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நம் கல்லூரியில் கிரிக்கெட் ஆடத் தெரியாதவர்கள் பலர் இருக்கலாம். கிரிக்கெட்டைப் பற்றி வாதாடத் தெரியாதவர் ஒருவரும் இலர். மதிய உணவு இடைவேளையில் மரத்தடிப் பக்கம் சென்றால் இவ்வுண்மை எளிதில் விளங்கும். யார் சிறந்த ஆட்டக்காரர் என்ற வாதத்திற்கு என்றுமே முடிவில்லை, அதை விட்டுவிடுவோம். ஆனால் முடிவு உள்ள வாதங்களும் சில உண்டு. தென்னையில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்தால் அவுட்டா? காற்றில் பெயில் விழுந்தால் அவுட்டா? நின்றுபோன பந்தை மட்டையாளரே எடுத்து விக்கெட் கீப்பரிடம் கொடுத்தால் என்ன? இவற்றுக்கெல்லாம் விடை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய ஆட்டங்களைவிட, வயலிலும் பொட்டலிலும் சிறுவர் ஆடும் ஆட்டங்களில்தான் இத்தகைய சிக்கல்கள் மிகுதி. அங்கே மூன்றாம் நடுவர் இல்லை, கேமரா இல்லை; நடுவராக நிற்பவனும் பெரும்பாலும் ஆட இடம் கிடைக்காதவன். அவனுக்குப் பயன்படும் சில செய்திகளைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரிக்கெட்டின் விதிகள் முதன்முதலில் எழுத்து வடிவம் பெற்ற ஆண்டு 1744 என்பர். 1787-இல் லண்டனில் தோன்றிய மேரிலபோன் கிரிக்கெட் கிளப் அடுத்த ஆண்டே விதிகளைத் திருத்தி வெளியிட்டது. அன்று முதல் அவ்விதிகள் அந்தக் கிளப்பின் பொறுப்பிலேயே இருந்து வருகின்றன. பன்னாட்டுப் போட்டிகளை நடத்துவது ஐ.சி.சி. என்றாலும் விதிநூல் அதனுடையது அன்று. 2017-இல் நூல் முழுதும் திருத்தி எழுதப்பட்டு 42 விதிகளாக அமைந்தது. லண்டன் நகரத்துக் கனவான்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக எழுதிய விதிகள், தாழக்குடிப் பக்கத்து வயலில் சாரம் கட்டி ஆடுகிறவனையும் கட்டுப்படுத்துகின்றன என்பது எண்ணிப் பார்த்தால் விந்தைதான். ஆனால் நூலைப் படிக்கும்போது ஓர் ஆறுதல் கிடைக்கிறது. தென்னை மரம் அதை எழுதியவர்களின் கண்ணில் பட்டிருக்காது. ஆயினும் மரத்திற்கு அதில் இடம் உண்டு.

கேள்வி முதல், தீர்ப்பு பின்

நடுவராக நிற்பவர் முதலில் அறிய வேண்டியது 31-ஆம் விதி. மட்டையாளர் விதிப்படி அவுட்டாக இருந்தாலும், எதிரணியினரில் எவராவது ஒருவர் கேட்டாலன்றி நடுவர் விரலை உயர்த்தக் கூடாது என்பதே அதன் சாரம். 'ஹௌ இஸ் தட்' என்று கத்துகிறார்களே, அது வெறும் கூச்சல் அன்று. அது ஒரு மனு. அம்மனு எல்லா வகை அவுட்டுக்கும் பொருந்தும். எல்.பி.டபிள்யூ. என்று எண்ணி ஒருவர் கேட்க, அதே பந்தில் மட்டையாளர் தம் மட்டையால் ஸ்டம்பைத் தட்டியிருந்ததை நடுவர் கண்டிருந்தால், அதற்காக அவுட் கொடுக்கலாம். அடுத்த பந்துக்காக வீச்சாளர் ஓடத் தொடங்கிவிட்டால் மனு காலாவதி.

இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பையன்கள் நம்புவதில்லை. 'அம்பயருக்குத் தெரிஞ்சா சொல்லணும்லா?' என்பது அவர்கள் கட்சி. அது நியாயமான கேள்வியே. ஆனால் நடுவர் காவலர் அல்லர். குற்றம் தேடிச் செல்வது அவர் வேலை அன்று. இரு தரப்புக்கும் இடையே வழக்கு எழும்போது அதைத் தீர்ப்பவர் மட்டுமே அவர். நீதிமன்றமும் ஏறக்குறைய அப்படித்தானே இயங்குகிறது?

அமெரிக்கச் சிறுவர்கள் தெருவெங்கும் ஆடும் பேஸ்பாலில் பெரும்பாலும் கேளாமலே நடுவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆயினும் அங்கும் சில இடங்களில் கேட்டால்தான் தீர்ப்பு. ஓடுகிறவர் ஒரு தளத்தை மிதிக்காமல் தாண்டிச் சென்றதை நடுவர் கண்ணாரக் கண்டிருந்தாலும், எதிரணி சுட்டிக்காட்டிக் கேட்கும்வரை வாய் திறவாமல் நிற்க வேண்டும். அதே ஆட்டத்தில் இதற்கு நேர்மாறான விதி ஒன்றும் உண்டு. முதல் இரு தளங்களிலும் ஆட்கள் நிற்க, அடித்த பந்து உயரமாக எழும்பி உள்களத்தில் விழப் போகிறது என்று கொள்வோம். அதைப் பிடிக்காமல் வேண்டுமென்றே தவறவிட்டால் ஒரே மூச்சில் இருவரை வெளியேற்றிவிட முடியும். அந்தத் தந்திரத்தைத் தடுக்க, இருவர் அவுட்டாகியிராத நிலையில், பந்து வானில் இருக்கும்போதே அடித்தவர் அவுட் என்று நடுவர் அறிவித்துவிடுவார். 1890-களிலேயே வந்துவிட்ட விதி இது. யாரும் கேட்கவில்லை, ஆயினும் தீர்ப்பு. ஒரே ஆட்டத்தில் இவ்விரு முறைகளும் இருப்பதைக் காணும்போது, எவ்விடத்தில் நடுவர் பேச வேண்டும், எவ்விடத்தில் காத்திருக்க வேண்டும் என்பதை ஆட்டத்தை வகுத்தவர்கள் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள் என்பது புலனாகிறது.

கிரிக்கெட்டிலும் நடுவர் தாமே தலையிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவுட் கொடுக்கப்படாமலே, தாம் அவுட் என்று தவறாக எண்ணி மட்டையாளர் கிரீஸை விட்டு நடக்கத் தொடங்கினால், அவரைத் திருப்பி அழைப்பது நடுவரின் கடமை. சிறுவர் ஆட்டத்தில் இது அடிக்கடி நேரும். பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் பத்து வயதுப் பையன் மட்டையைப் போட்டுவிட்டு நடந்துவிடுவான். அவனுக்குக் கேட்கத் தெரியாது. அவனுக்காக நடுவர்தான் பேச வேண்டும்.

பந்து உயிரோடிருக்கிறதா?

அரிய சிக்கல்கள் பத்தில் ஐந்தாவது இக்கேள்வியில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் 'டெட் பால்' என்கிறார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்வரை உயிருள்ளது. ஆட்டம் ஓய்ந்ததும் இறந்தது. 20-ஆம் விதி இதனை விரிவாகக் கூறுகிறது. பந்து கீப்பர் அல்லது வீச்சாளர் கையில் இறுதியாக நிலைபெற்றாலும், எல்லைக்கோட்டைத் தொட்டாலும், மட்டையாளரின் உடைக்குள் சிக்கிக்கொண்டாலும் இறந்துவிடும். எதிரணியினரும் மட்டையாளர் இருவரும் பந்து ஆட்டத்தில் இல்லை என்று கருதி ஓய்ந்துவிட்டது நடுவருக்குத் தெளிவானாலும் அப்படியே. இங்கே 'எதிரணியினரும்' என்பதில் உள்ள உம்மையைக் கவனிக்க வேண்டும். மட்டையாளர் மட்டும் ஓய்ந்தால் போதாது.

இந்த உம்மையை மறந்தவர்கள் உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள். 2023 ஜூலை 2 அன்று லார்ட்ஸ் மைதானத்தில், இங்கிலாந்தின் ஜானி பேர்ஸ்டோ ஆஸ்திரேலியாவின் கேமரன் கிரீன் வீசிய பந்துக்குக் குனிந்துகொண்டார். பந்து கீப்பரிடம் சென்றது. ஓவர் முடிந்ததாக எண்ணி அவர் கிரீஸை விட்டு நடந்தார். கீப்பர் அலெக்ஸ் கேரி பந்தைப் பிடித்த கணமே ஸ்டம்பை நோக்கி எறிந்துவிட்டார். ஸ்டம்பிங்! மைதானமே கொந்தளித்தது. கேரியைப் பொறுத்தவரை பந்து ஒரு கணம்கூட ஓயவில்லை. ஆகவே தீர்ப்பு சரியே.

1974-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நடந்தது இதனினும் கடினமானது. நாளின் கடைசிப் பந்தை மறுமுனையில் ஜூலியன் தடுத்து ஆடினார். வீச்சாளர் முனையில் நின்ற ஆல்வின் காளிசரண், ஆட்டம் முடிந்தது என்று எண்ணி அப்படியே பெவிலியனை நோக்கி நடந்தார். அருகே பந்தை எடுத்த டோனி கிரேக் ஸ்டம்பை நோக்கி எறிந்து மனுச் செய்தார். நடுவர் டக்ளஸ் சாங் ஹூ அன்றைய ஆட்டம் முடிந்ததாக இன்னும் அறிவிக்கவில்லை. அவர் வேறு என்ன செய்ய முடியும்? அவுட் என்றார். அப்போது காளிசரண் 142 ரன்கள் எடுத்திருந்தார். பின்னர் நடந்த பேச்சில் மனு திரும்பப் பெறப்பட்டு, அவர் மீண்டும் ஆடி 158 வரை சென்றார். மனுவைத் திரும்பப் பெறுதல் என்பது தனிப் பொருள், பின்னர் வருவோம். சிறுவர் ஆட்டத்தில் நிற்கும் நடுவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: 'ஓவர்' என்பதை வாய்விட்டு, உரக்கச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

தென்னையும் காற்றும் சாரமும்

இனி நம் ஊர்ச் சிக்கல்களுக்கு வருவோம்.

ஆடுகளத்திற்குள் மரம் நின்றால் என்ன செய்வது? இங்கிலாந்தின் கான்டர்பரி மைதானத்தில் எல்லைக்கோட்டுக்குள்ளேயே ஓர் எலுமிச்சை இனப் பெயர் கொண்ட பெருமரம் (நம் எலுமிச்சை அன்று) நெடுங்காலம் நின்றது. பந்து அதில் பட்டால் நான்கு ரன் என்பது அங்கு வழக்கம். 2005-இல் காற்றில் அது முறிந்து விழுந்தது. வேறு மரம் நட்டிருக்கிறார்கள். விதி என்ன சொல்கிறது என்றால், களத்திற்குள் இருக்கும் தடை எதுவும் தானாக எல்லைக்கோடு ஆகிவிடாது. டாஸ் போடுவதற்கு முன்பே நடுவர்கள் அப்படி முடிவு செய்திருக்க வேண்டும். அப்படி முடிவு செய்யாவிட்டால், மரத்தில் பட்டுத் தரையைத் தொடாமல் வரும் பந்தைப் பிடித்தால் அவுட். முடிவு செய்திருந்தால் பட்டவுடன் நான்கு, பிடித்தும் பயனில்லை. ஆகவே தென்னை பற்றிய வழக்கு டாஸுக்கு முன் தீர வேண்டியது. பந்து பட்ட பிறகு தீர்க்க முடியாதது.

இந்த 'டாஸுக்கு முன்' என்ற சொற்களை நான் பெரிதும் மதிக்கிறேன். குளத்தில் அடித்தால் அவுட், ஒரு குத்துக்குப் பின் ஒற்றைக் கையால் பிடித்தால் அவுட் என்றெல்லாம் நாம் வைத்திருக்கும் ஊர் விதிகளை நகரத்து மாணவர் சிலர் ஏளனம் செய்வதுண்டு. தாமரை அடர்ந்த குளத்துக்குள் பந்து போனால் அதை எடுக்க யார் இறங்குவது? புதுப்பந்து வாங்க யாரிடம் காசு இருக்கிறது? ஊர் விதியின் காரணம் அதுதான். காணாமற்போன பந்து பற்றி விதிநூலே தன் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. முன்பு ஃபீல்டர் 'லாஸ்ட் பால்' என்று கூவினால் அடித்தவர் அணிக்கு ஆறு ரன், அல்லது அதற்கு மேல் ஓடியிருந்தால் ஓடிய ரன். 2017-க்குப் பின் அது வெறும் டெட் பால் ஆகிவிட்டது. ஓடிய ரன் மட்டுமே கணக்கு. லண்டன் கிளப் மாற்றிக்கொள்ளலாமென்றால் குளத்தங்கரையில் நாமும் மாற்றிக்கொள்ளலாம். இரு அணியும் அறிய, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

அடுத்தது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றைப் பற்றி இம்மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் நிற்பது சும்மாவா? அந்தக் காற்றில் பெயில் எங்கே நிற்கும்? ஸ்டம்பின் உயரம் 28 அங்குலம். அதன் தலையில் ஆழமற்ற பள்ளம். அதில் அரை அங்குலத்துக்கு மேல் துருத்தாமல் கிடக்கும் இலேசான மரத்துண்டுதான் பெயில். இயற்பியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நிற்பதுதான் வியப்பு; விழுவது வியப்பன்று.

காற்றால் பெயில் விழுந்தால் எவரும் அவுட் இல்லை. ஆனால் காற்றால் ஏற்கெனவே இரு பெயில்களும் விழுந்து கிடக்கையில் ரன் அவுட் செய்ய வேண்டுமானால், ஸ்டம்பைப் பந்தால் தொட்டால் மட்டும் போதாது. ஸ்டம்பு தரையிலிருந்து பெயர்ந்து விழ வேண்டும். அல்லது பந்தை வைத்திருக்கும் கையால் அதைப் பிடுங்க வேண்டும். ஒரு பெயில் மிஞ்சியிருந்தால் அதைத் தட்டினால் போதும். காற்று ஓயவே ஓயாதென்றால் பெயில் இல்லாமலே ஆட நடுவர்கள் முடிவு செய்யலாம். அப்படிச் செய்தால் இரு முனையிலும் எடுத்துவிட வேண்டும். அதன்பின் பந்து ஸ்டம்பில் பட்டதா இல்லையா என்று நடுவர் மனநிறைவு கொண்டால் போதுமானது. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2019 செப்டம்பரில் மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த ஆஷஸ் டெஸ்டில் காற்று மிகுந்ததால், நடுவர்களான மரே எராஸ்மசும் இலங்கையின் குமார் தர்மசேனவும் சிறிது நேரம் பெயில் இன்றியே ஆட்டத்தை நடத்தினர். அதே ஆண்டு உலகக் கோப்பையில் இதற்கு எதிர்மாறாக, விளக்கெரியும் புதுவகைப் பெயில்கள், பந்து ஸ்டம்பில் இடித்தும் விழாமல் அடம்பிடித்தன. பும்ரா வீசிய பந்து வார்னரின் ஸ்டம்பில் பட்டும் அவர் தப்பினார். பெயில் விழவில்லை என்றால் அவுட் இல்லை; காற்றும் மின்விளக்கும் விதிக்கு ஒன்றே.

சாரம் பற்றிய வழக்கு சுவையானது. மடித்துக் கட்டிய சாரத்தின் மடிப்புக்குள் பந்து வந்து விழுந்துவிட்டது, தரையில் படவில்லை. கேட்ச்சா? ஆம், அவுட். ஃபீல்டரின் உடையில் பந்து தற்செயலாகத் தங்கினால் அதுவும் பிடித்ததாகவே கருதப்படும். 'தற்செயலாக' என்ற சொல்தான் முக்கியம். சாரத்தைக் கையால் விரித்துப் பிடித்துப் பூப்பறிப்பது போலப் பந்தை ஏந்தினால், அது முறையற்ற தடுப்பு. பந்து டெட் ஆகும், அடித்த அணிக்கு ஐந்து ரன் கூடுதலாகக் கிடைக்கும். சாரம் என்றால் என்னவென்றே அறியாதவர்கள் எழுதிய விதி, சாரத்திற்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு நான் வியந்தேன். சட்டை, தொப்பி என்று பெயர் சொல்லாமல் 'உடை' என்று பொதுவாக எழுதியதன் பயன் அது.

சிறுவர் ஆட்டத்தில் இரு தீர்ப்புகள்

பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நேர்ந்த இரு நிகழ்ச்சிகளை நம் போன்ற மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது 2016 பிப்ரவரி 2 அன்று வங்கதேசத்தின் சட்டோகிராமில் நடந்தது. கடைசி ஓவர். ஜிம்பாப்வேக்கு வேண்டியது மூன்று ரன். கையில் ஒரே விக்கெட். வெற்றி பெறும் அணிக்குக் காலிறுதி. வெஸ்ட் இண்டீஸின் கீமோ பால் ஓடி வந்து, பந்தை வீசாமல், எதிர்முனையில் நின்ற ரிச்சர்ட் இங்கராவாவின் பக்கத்து ஸ்டம்பைத் தட்டிவிட்டார். தொலைக்காட்சி நடுவர் பார்த்தபோது மட்டையின் நுனி கிரீஸ் கோட்டின் மேல் இருந்தது. கோட்டின் மேல் என்றால் உள்ளே அன்று. கோட்டைக் கடந்து உள்ளே ஊன்றியிருக்க வேண்டும். அவுட், ஆட்டம் முடிந்தது. அந்த வெஸ்ட் இண்டீஸ் அணியே இறுதியில் இந்தியாவை வென்று கோப்பையையும் பெற்றது.

இம்முறையை ஏமாற்று என்பார் பலர். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இவ்வாறு வெளியேற்றியதால், நம் நாட்டவர் ஒருவரின் பெயரையே இதற்கு வசைப்பெயராக வைத்துவிட்டார்கள். எதிரணித் தலைவர் பிராட்மனோ மன்கட்டின் பக்கமே பேசினார். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் சென்னையின் அஸ்வின் ஜோஸ் பட்லரை இவ்வாறே வெளியேற்றியபோதும் பெரும் புயல் எழுந்தது. என் கருத்து இதுதான்: பந்து வரும் முன்னரே ஓரடி திருடி ஓடுகிறவனைத் திருடனென்று சொல்லாமல், பிடித்தவனைத் திருடன் என்பது எந்த ஊர் நியாயம்? 2022 அக்டோபரில் இவ்விதி 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து நீக்கப்பட்டு, சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்க்கப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டு கழித்து மன்கட்டுக்குக் கிடைத்த தீர்ப்பு என்று கொள்ளலாம். எல்லை ஒன்று உண்டு: வீச்சாளர் வழக்கமாகப் பந்தை விடும் கணத்துக்கு முன் தட்ட வேண்டும். 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஜாம்பா, கையை முழுதும் சுழற்றிய பிறகு தட்டியதால், அவுட் இல்லை என்றே தீர்ப்பாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி 2018 ஜனவரி 17 அன்று நியூசிலாந்தில் நடந்தது. தென்னாப்பிரிக்க அணியின் ஜீவேஷன் பிள்ளை 47 ரன்களுடன் ஆடிக்கொண்டிருந்தார். (பெயரின் இறுதியில் உள்ள 'பிள்ளை' நம் நாட்டிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வழியில் அங்கே இன்றும் வழங்குவது.) மட்டையில் பட்ட பந்து ஸ்டம்பின் அருகே உருண்டு வந்து நின்றுவிட்டது. அவர் உபகாரமாக அதை எடுத்து கீப்பரிடம் கொடுத்தார். கீப்பரும் அணித் தலைவருமான இம்மானுவேல் ஸ்டூவர்ட் மனுச் செய்தார். 37-ஆம் விதியின்படி, எதிரணியினர் ஒருவரின் இசைவின்றிப் பந்தை எடுத்துக் கொடுத்தால் 'களத்தடுப்புக்கு இடையூறு' என்று அவுட். நடுவர்கள் அவுட் கொடுத்தனர். ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா வென்றுவிட்டது. இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் மனுவைத் திரும்பப் பெறுவேன் என்று ஸ்டூவர்ட் பின்னர் கூறினார்.

இவ்விதிக்குப் பழைய வரலாறு ஒன்றுண்டு. 1951-இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் லென் ஹட்டன், எழும்பிய பந்து ஸ்டம்பில் விழாதிருக்க இரண்டாம் முறை மட்டையை வீச, அதைப் பிடிக்க வந்த கீப்பருக்கு இடையூறாயிற்று. டெஸ்டில் இவ்வகையில் அவுட்டான முதல் ஆள் அவரே. அந்த கீப்பர் தென்னாப்பிரிக்காவின் ரஸ்ஸல் எண்டீன். அதே எண்டீன் 1957-இல் கேப்டவுனில் ஸ்டம்பை நோக்கி வந்த பந்தைக் கையால் தள்ளி, 'பந்தைக் கையாண்டார்' என்று டெஸ்டில் அவுட்டான முதல் ஆளாகிவிட்டார்!

பிள்ளைக்கு நேர்ந்ததை ஒத்த வழக்கு ஒன்று என்னிடமே வந்தது. கும்பப்பூ அறுவடை முடிந்த வயலில் சிறுவர் போட்டி. பரிசு ஒரு வாழைக்குலை. ஊரில் கல்லூரிக்குப் போகிறவன் என்பதால் என்னை நடுவராக நிறுத்தியிருந்தார்கள். பதினோரு வயதுப் பையன் ஒருவன் பந்தைத் தடுத்து, காலடியில் நின்ற பந்தை எடுத்து கீப்பரிடம் கொடுத்தான். தொலைக்காட்சியில் இதைப் பார்த்திருந்த வீச்சாளன் உடனே கேட்டுவிட்டான். அவன் கேட்டது முறையான மனுதான். விதியில் ஒரே கேள்வி: எதிரணியினரின் இசைவு இருந்ததா? கீப்பர் உள்ளங்கையை விரித்து நீட்டியதை நான் கண்டிருந்தேன். இசைவு வாயால்தான் சொல்லப்பட வேண்டும் என்று விதியில் இல்லை. அவுட் இல்லை என்றேன்.

வரப்பில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர், வீச்சாளனின் தகப்பனார். என் அப்பா வாழை போட்டிருக்கும் பூமி அவருடையது. நாங்கள் பாட்டத்துக்கு எடுத்திருக்கிறோம். 'எங்கலே அப்படி எழுதியிருக்கு? புஸ்தகத்தக் கொண்டு வா, பாப்போம்' என்றார். கொண்டு வந்து, '37-ஆவது விதி, அண்ணாச்சி' என்று விரித்துக் காட்டினேன். அச்சிட்டிருந்தது ஆங்கிலம். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 'நீயே வாசிச்சுச் சொல்லு' என்றார்.

அந்நேரத்தில் நான் எதைச் சொன்னாலும் அதுவே விதியாகியிருக்கும். சுற்றி நின்ற முப்பது பேரில் சரிபார்க்கக் கூடியவர் எவருமில்லை. எங்கள் தாத்தா காலத்தில் பத்திரம் எழுதுகிறவர் வாசித்துச் சொன்னதைக் கேட்டுத்தான் கைநாட்டு வைத்தார்கள். அவர் வாசித்தது பத்திரத்தில் இருந்ததுதானா என்று தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது. இப்போது வாசிக்கிற இடத்தில் நான் நின்றேன். ஒவ்வொரு சொல்லாக வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, மகனைப் பார்த்து, 'போய்ப் பந்த எறி' என்றார். பாட்டம் அந்த ஆண்டும் மாறாமல் தொடர்ந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். இல்லையேல் அவருக்கு அநீதி செய்தவனாவேன்.

மனுவைத் திரும்பப் பெறுதல்

விதிப்படி அவுட், ஆனால் நியாயமாகத் தோன்றவில்லை. அப்போது என்ன செய்வது? நடுவர் ஒன்றும் செய்யலாகாது. அந்த உரிமை எதிரணித் தலைவருக்கே உரியது. நடுவரின் ஒப்புதலோடு அவர் மனுவைத் திரும்பப் பெறலாம்; 2017-க்கு முன் இருந்த விதிப்படி, மட்டையாளர் களத்தை விட்டு வெளியேறுமுன் அதைச் செய்திருக்க வேண்டும். 1980-இல் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில், அவுட் கொடுக்கப்பட்ட பாப் டெய்லரை நம் அணித் தலைவர் ஜி. ஆர். விஸ்வநாத் திருப்பி அழைத்தார். டெய்லர் போத்தமுடன் சேர்ந்து 171 ரன் குவிக்க, இந்தியா தோற்றது. 2011-இல் நாட்டிங்காமில், பந்து எல்லையைக் கடந்ததாக எண்ணித் தேநீருக்கு நடந்த இயன் பெல்லின் பெயிலைத் தட்டியவர் நம் சென்னையின் அபினவ் முகுந்த். நடுவர்கள் தோனியிடம் மனுவில் உறுதியா என்று கேட்டு அவுட் கொடுத்தனர். தேநீர் நேரத்தில் தோனி மனுவைத் திரும்பப் பெற்றார். பெல் களத்தை விட்டுப் போன பிறகு அது நடந்ததால், அன்றைய விதியின் எழுத்துக்கு அது சற்று அப்பாற்பட்டதே. 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ், தலைக்கவசத்தின் வார் அறுந்ததால் தாமதமாகி 'டைம்டு அவுட்' ஆனபோது, வங்கதேசத் தலைவர் ஷகிப் அல் ஹசன் மனுவைத் திரும்பப் பெறவில்லை. பெருந்தன்மையைக் காட்டுவதும் காட்டாமலிருப்பதும் தலைவர் பாடு. நடுவர் அதைத் தாமே வழங்கப் புகுந்தால், ஒரு தரப்பின் பொருளை எடுத்து மறு தரப்புக்குத் தானம் செய்தவராவார்.

இவ்வளவும் கற்று நின்றாலும் நடுவருக்கு நன்றி கிடைக்கும் என்று எவரும் எண்ண வேண்டாம். 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில், ஆஸ்திரேலியா வைத்த 348 இலக்கை நோக்கி இந்தியா 347 எடுத்திருந்தது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங்கை எல்.பி.டபிள்யூ. என்று நடுவர் விக்ரம்ராஜு அறிவித்தார். டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது 'டை' அது. மட்டையில் பட்டது என்றார் மனிந்தர். தம் தீர்ப்பு சரி என்றார் விக்ரம்ராஜு. அதன்பின் அவர் ஒரு டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. சென்னையிலிருந்து சென்ற வெங்கட்ராகவனோ 57 டெஸ்டில் ஆடி, பின்னர் 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். இருவர் செய்ததும் ஒரே வேலைதான்.

அந்த வாழைக்குலை ஆட்டத்துக்குப் பின் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். 20, 31, 37, 38 ஆகிய விதிகளை எளிய தமிழில் எழுதி முடித்திருக்கிறேன். 'டெட் பால்' என்பதை 'ஓய்ந்த பந்து' என்று எழுதினேன். பையன்கள் ஒப்பவில்லை, 'செத்த பந்து' என்று அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். நோட்டு இப்போது ஸ்டம்புகளோடு அதே சாக்கில் கிடக்கிறது. சென்ற வாரம் பார்த்தபோது, சாரம் பற்றிய பகுதியைச் சேர்க்கவில்லையே என்று பென்சிலால் யாரோ ஓரத்தில் எழுதியிருந்தார்கள். தேர்வு முடிந்ததும் 28-ஆம் விதியைத் தொடங்க வேண்டும்.